சுரங்கத் தண்ணீருக்கும் ஒரு கண்மாய் வேண்டும்

(கோவில்பட்டியில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)

நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றிக் கோவில்பட்டியில் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நமது வட்டாரத்தில் சுரங்கம் கிடையாது. கரிசல் உண்டு, கண்மாய் உண்டு, வானம் பார்த்த பருத்தியும் உளுந்தும் உண்டு. குடிப்பதற்குச் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஜனங்கள் உண்டு. சுரங்கம் எங்கே வந்தது?

மில்லிலே ஸ்பிண்டில் எதனால் சுற்றுகிறது? மின்சாரத்தால். தூத்துக்குடி அனல் மின் நிலையங்களுக்குக் கப்பலில் வந்து இறங்குவது நிலக்கரி. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அந்தக் கரியை வெட்டும் இடமெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? யாருடைய வயலில் பாய்கிறது? யாருடைய ஏரியைத் தூர்க்கிறது? நமது யந்திரத்தை ஓட்டும் கரிக்காக இன்னொரு ஊர் விவசாயத் தொழிலாளி தன் தண்ணீரைப் பறிகொடுக்கிறான் என்றால் அது நமது பிரச்னை இல்லையா?

மேலும் ஒரு காரணம் உண்டு. சுரங்கத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வழிகளில் பழகியதும் மலிவானதும் குளம் வெட்டுவது. குளம் என்றால் என்ன என்று கரிசல்காட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வரத்துக்கால், கரை, மடை, மறுகால், கரம்பை என்று ஒவ்வொன்றும் நமக்குத் தெரிந்த சங்கதி. ஆகவே இந்த விஷயத்தை இன்ஜினியர்களின் ரகசியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கணக்கைக் கற்றுக்கொண்டால் கம்பெனியிடம் கேள்வி கேட்கலாம்.

நெய்வேலியின் தண்ணீர்

1930களில் தென்னாற்காடு ஜில்லா நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கருமையான பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் மத்திய சர்க்கார் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961ல் கரி கண்ணில் பட்டது. முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. ஜனங்களின் பணத்தில், தொழிலாளிகளின் வியர்வையில் உருவான பொதுச் சொத்து அது.

அந்தச் சுரங்கத்துக்கு முதல் எதிரி தண்ணீர். கரிப் படிவத்துக்கு அடியில் பெரிய நீர்த்தாரை அடைபட்டுக் கிடக்கிறது. அது மேல்நோக்கித் தள்ளும் விசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் வெட்டினால் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்துத் தண்ணீர் பொங்கிவிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைக்கிறார்கள். ஒரு டன் கரி வெளிவர வேண்டுமானால் பல டன் தண்ணீர் வெளியேற வேண்டும்.

இதிலே இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. தோழர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, அடியிலிருந்து ஆழ்துளைக் கிணற்றில் வரும் தெளிந்த தண்ணீர். இன்னொன்று, மழையாகப் பெய்து சுரங்கக் குழிக்குள் ஓடி, மண்ணையும் களியையும் கரித்தூளையும் அள்ளிக்கொண்டு தேங்கும் கலங்கல் தண்ணீர். நல்ல தண்ணீரையும் கலங்கலையும் ஒரே வாய்க்காலில் விட்டால் எல்லாமே கலங்கல். ஆகவே சுரங்கத் தண்ணீர்த் திட்டத்தின் முதல் விதி: இரண்டையும் சேரவிடாதே. தெளிந்ததற்குத் தனி வாய்க்கால், கலங்கலுக்குத் தனிக் குளம்.

இந்த விதி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வாலாஜா ஏரி சாட்சி. பரவனாற்றின் போக்கில் உள்ள பழைய பாசன ஏரி அது. சுரங்கத்திலிருந்து வந்த சேறும் கரிக் கழிவும் ஆண்டுக்கணக்கில் படிந்து, ஏரி இருந்த இடம் மேடாயிற்று. விவசாயிகள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2010க்குப் பின் வந்த ஆண்டுகளில்தான் அது தூர்வாரப்பட்டது. கம்பெனி தன் எல்லைக்குள் கலங்கலைத் தெளிய வைக்கும் குளங்களைப் போதிய அளவில் வெட்டிப் பராமரித்திருந்தால், ஊர் ஏரி கம்பெனியின் வண்டல் தொட்டியாக மாறியிருக்காது. குளம் வெட்டாத செலவு மிச்சம் என்று ஒரு கணக்கிலே எழுதப்படுகிறது. ஏரி தூர்ந்த நஷ்டம் இன்னொருவர் கணக்கிலே ஏறுகிறது. அந்த இன்னொருவர் உழைப்பாளி.

குளத்தின் கணக்கு

இனிக் குளத்தை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

கலங்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். குளமும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. ஆனால் குளத்தில் தண்ணீர் உள்ளே வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருக்கிறது. உள்ளே வந்த மண் துகள், வெளியே போகும் வாயை எட்டுவதற்குள் அடியில் இறங்கிவிட வேண்டும். இதற்கு ஆழத்தைவிடப் பரப்பே முக்கியம். குறுகலான கிணறு எவ்வளவு ஆழமானாலும் பயனில்லை. பரந்த கண்மாய்தான் வேண்டும்.

பிரிட்டனில் சுரங்கத் தண்ணீருக்குக் குளம் வெட்டுவோர் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். வினாடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வந்தால் 100 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். தண்ணீர் ஏறத்தாழ 48 மணி நேரம் குளத்தில் தங்க வேண்டும். வினாடிக்கு 100 லிட்டர் இறைக்கும் பம்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் பரப்பு. இரண்டு நாள் தங்க வேண்டுமானால் ஆறடித் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே சேறு தங்குவதற்கு மூன்றடியாவது இடம் வேண்டும். அதற்கு மேலே அலை அடிக்கவும் மழை பெய்யவும் கரை உயர்ந்து நிற்க வேண்டும். கம்பெனி ஒரு சென்ட் குட்டையைக் காட்டி, "இதோ சுத்திகரிப்புக் குளம்" என்று சொன்னால், இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சிரிக்கலாம்.

வடிவமும் முக்கியம். சதுரக் குளத்தில் தண்ணீர் வாயிலிருந்து வாய்க்கு நேர்க்கோடாக ஓடிவிடும். ஓரங்கள் சும்மா தேங்கும். ஆகவே அகலத்தைப் போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு நீளம் வேண்டும். உள்ளே வரும் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டாமல் அகலம் முழுவதும் பரவி வர வேண்டும். வெளியே போகும் தண்ணீரும் கலுங்கு வழிவதைப் போல மெல்லிய தகடாக மேலாகவே வழிய வேண்டும். அடிமடையைத் திறந்துவிட்டால் படிந்த சேறும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்று: ஒரே குளம் போதாது. இரண்டு வேண்டும். ஒன்றில் தூர்வாரும்போது மற்றொன்று வேலை செய்ய வேண்டும். தூர்வாரும் நாட்களில் கலங்கலை நேராக ஆற்றில் விடுவது பழைய தந்திரம்.

மெல்லிய களித் துகள்கள் இரண்டு நாளில் மட்டுமல்ல, இரண்டு வாரத்திலும் இறங்காது. நமது பெண்கள் ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரைப்பார்களே, எதற்கு? பிரிந்து மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி இறங்குவதற்கு. சுரங்கக் குளத்தில் அந்த வேலையைப் படிகாரம் செய்கிறது. மருந்து போடும் தொட்டி குளத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்து பயனில்லை.

இரும்பும் புளிப்பும்

மண்ணும் கரித்தூளும் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் வரும் சரக்கும் உண்டு. பூமிக்கடியில் காற்றுப் படாத தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். வெளியே வரும்போது தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகி மஞ்சளும் சிவப்புமாகப் படியும். போர்த் தண்ணீர் பிடித்த குடத்தின் அடியில் இதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் துரு ஓடையில் படிந்தால் மீனும் பிழைக்காது, புழு பூச்சியும் பிழைக்காது.

இதற்கு வழி: தண்ணீரை முதலில் படிக்கட்டுகளில் விழச் செய்து காற்றைக் கலக்க வேண்டும். பிறகு குளம். அதற்குப் பிறகு அரை அடி, ஓர் அடி ஆழத்தில் நாணலும் சம்பும் நட்ட சதுப்பு. புல்லின் தண்டுகள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து, மிச்சத் துருவைப் பிடித்து நிறுத்துகின்றன. பொதுக் கணக்கின்படி ஒரு சதுர மீட்டர் சதுப்பு ஒரு நாளில் சுமார் 10 கிராம் இரும்பைப் பிடிக்கும். நமது வினாடிக்கு 100 லிட்டர் பம்பில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் இரும்பு வந்தால், நாளொன்றுக்கு 86 கிலோ இரும்பு. அதைப் பிடிக்க இரண்டு ஏக்கருக்கு மேல் சதுப்பு வேண்டும். வருஷத்துக்கு 31 டன் இரும்பு சேறாகச் சேரும்.

சில சுரங்கங்களில் நிலைமை இன்னும் மோசம். கரியோடு கந்தகம் கலந்த இரும்புக் கல் இருந்தால், அது காற்றும் தண்ணீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. மேகாலயாவின் ஜயந்தியா மலைகளில் இதுதான் நடந்தது. எலி வளை போன்ற பொந்துகளில் கூலியாட்களை இறக்கிக் கரி வெட்டினார்கள். வெளியேறிய அமிலத் தண்ணீரால் ஆறுகளில் மீன் செத்தது. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறியது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் முதலாளிகள் தோண்டினார்கள். 2018 டிசம்பர் 13ந் தேதி க்சான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 15 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். ஒருவரும் உயிருடன் மீளவில்லை. தண்ணீரைக் கவனிக்காத சுரங்கம் ஆற்றைக் கொல்கிறது, தொழிலாளியையும் கொல்கிறது.

அமிலத் தண்ணீருக்குச் சுண்ணாம்புக்கல் மருந்து. பந்தல்குடிப் பக்கம் வெட்டுகிறார்களே, அந்தக் கல்தான். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றுப் பட்ட இரும்புத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் மேல் விட்டால், கல்லின் மேல் துரு பூசிக்கொண்டு கல் வேலை செய்யாமல் போகும். ஆகவே கல்லை மண்ணுக்குள் புதைத்து, காற்றுப் படாமல் தண்ணீரை அதன் வழியே விட வேண்டும். அதற்குப் பிறகுதான் படிக்கட்டு, குளம், சதுப்பு. வரிசை மாறினால் பணம் வீண்.

குளத்தால் முடியாத காரியமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கரைந்த உப்பு குளத்தில் படியாது. எல்லா விஷமும் நாணலில் நிற்காது. 2023ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரமும் நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, பாதரசம் உள்பட மாசு அளவு மீறியிருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. சுரங்கமும் அனல் மின் நிலையமும் சேர்ந்துள்ள இடத்தில், குளத்தை மட்டும் காட்டி எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. தண்ணீரைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கரையும் மறுகாலும்

கரையைப் பற்றி நமக்குத் தெரியாததா? கரிசல் நனைந்தால் ஊதி, துவாரங்களை அடைத்துக்கொள்ளும். குளத்தின் அடியில் பரப்பி இறுக்கினால் தண்ணீர் எளிதில் கசியாது. காய்ந்தாலோ கால் புகும் அளவுக்கு வெடிக்கும். ஆகவே கரிசலால் அடி போட்ட குளத்தைக் காயவிடக் கூடாது. கரை முழுவதையும் கரிசலால் போட்டால் மழையில் நழுவும். நடுவில் களியும் இருபுறமும் சரளையும் செம்மண்ணும் வேண்டும்.

மறுகால் இல்லாத கண்மாயை நமது முன்னோர் கட்டியதில்லை. சுரங்கக் கம்பெனிகள் கட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கழிவையே அணையாகக் குவித்துக் கறுப்புத் தண்ணீரைத் தேக்கினார்கள். போதிய மறுகால் கிடையாது. 1972 பிப்ரவரி 26ந் தேதி காலையில் மழைக்குப் பின் அது உடைந்தது. 125 பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். மாண்டவர்களில் மிகப் பலர் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர். அணையின் சொந்தக்காரர்களான பிட்ஸ்டன் கம்பெனியின் தரப்பில் அதைக் கடவுளின் செயல் என்றார்கள்! கரை போட்டது கம்பெனி, லாபம் எடுத்தது கம்பெனி, உடைந்தால் மட்டும் கடவுளா?

சுரங்கம் மூடிய பிறகு

கரி தீர்ந்து பம்ப் நின்றுவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? இல்லை. தண்ணீர் மெல்ல ஏறி, பழைய சுரங்கத்தை நிரப்பி, எங்கோ ஓர் ஓடையில் துருவோடு பொங்குகிறது. பிரிட்டனில் 1947ல் சுரங்கங்கள் தேசியமயமாயின. 1984-85 மகத்தான வேலைநிறுத்தத்துக்குப் பின் தாட்சர் சர்க்கார் அவற்றை ஒவ்வொன்றாக மூடியது. 1994ல் மிச்சத்தைத் தனியாருக்கு விற்க வழி செய்தார்கள். பழைய சுரங்கங்களின் தண்ணீர்? அது மட்டும் தனியாருக்குப் போகவில்லை. அதற்காகச் சர்க்கார் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. 70க்கும் மேற்பட்ட இடங்களில் குளமும் சதுப்பும் வைத்து அந்த ஆணையம் இன்றும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. செலவு ஜனங்களின் வரிப் பணம். சுரங்கம் ஓடும்போதே குளத்துக்கான பணத்தை ஒதுக்கி வைக்காவிட்டால், கடைசியில் அதைச் செலுத்துவது நாம்தான்.

யாருடைய கையில்?

தோழர்களே! குளத்தின் கணக்கு கடினமல்ல என்று பார்த்தோம். அப்படியானால் குளங்கள் ஏன் சரியாக வெட்டப்படுவதில்லை? விஞ்ஞானம் இல்லாமையால் அல்ல. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் குளம் உற்பத்தி தராது. தூர்வாரக் கூலி கொடுக்க வேண்டும். லாபக் கணக்கில் அது செலவு. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் அந்தச் செலவு வெட்டப்படுகிறது.

2023 ஜூலை மாதம் நெய்வேலிக்குப் பக்கத்தில் வளையமாதேவியில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் மண் வெட்டும் யந்திரங்களை இறக்கினார்கள். சுரங்கத்துக்குள் வெள்ளம் வராமலிருக்கக் கால்வாய் அவசியம் என்றது நிர்வாகம். அவசியமாகவே இருக்கட்டும். அறுவடை வரை பொறுக்க முடியாதா? பயிருக்கு நஷ்டஈடு தரும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நஷ்டஈடு பட்டாவைப் பார்த்துப் போகும். நாற்று நட்டவளும், களை எடுத்தவளும், அறுப்புக் கூலியை நம்பி இருந்தவளும் எந்தப் பட்டாவில் இருக்கிறாள்?

இதைச் சாக்காக வைத்துச் சுரங்கத் தொழிலாளியையும் விவசாயத் தொழிலாளியையும் மோதவிடப் பார்க்கிறார்கள். சுரங்கத் தொழிலாளியிடம் போய், "தண்ணீர் பேசுகிறவன் உன் வேலையைக் கெடுக்கிறான்" என்கிறார்கள். வயலிலே போய், "சுரங்கத்தான் உன் தண்ணீரைக் குடிக்கிறான்" என்கிறார்கள். இரண்டும் பொய். குளத்தில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன் பெரும்பாலும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்தக் குளத்துக்குக் கீழே நெல் நடுகிறவள் அவனுடைய அக்காளோ தங்கையோ. இருவர் நலனும் ஒன்றே.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, இறைக்கும் தண்ணீரின் அளவும் தரமும், கோடையிலும் மழைக்காலத்திலும் சோதிக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, தெளிந்த நீரும் கலங்கலும் தனித்தனியே போக வேண்டும். தெளிந்த நீர் பாசன ஏரிகளுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, குளங்கள் இரட்டையாக, கணக்குப்படி, போதிய மறுகாலோடு சுரங்க எல்லைக்குள்ளேயே வெட்டப்பட வேண்டும். ஊர் ஏரி கம்பெனியின் குளமாகக் கூடாது.

நான்காவது, குளத்துச் சேறு கண்மாய்க் கரம்பை அல்ல. சோதிக்காமல் வயலில் கொட்டக் கூடாது. தூர்வாரும் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும், பூட்ஸும் கையுறையும், மருத்துவ வசதியும் வேண்டும்.

ஐந்தாவது, சுரங்கம் மூடிய பின் ஆகும் செலவுக்கு, கரி வெட்டும் காலத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும். அதை மேற்பார்வையிடும் கமிட்டியில் தொழிற்சங்கமும் நிலமற்ற விவசாயத் தொழிலாளரும் இடம்பெற வேண்டும்.

நெய்வேலி பொதுத்துறை. 2013ல் அதன் பங்குகளை விற்கப் போனபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். பொதுச் சொத்தைக் காப்பாற்றப் போராடிய அதே தொழிலாளி வர்க்கத்துக்கு, அந்தச் சொத்து அண்டை ஊரின் தண்ணீரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு, உரிமையும் உண்டு.

கோவில்பட்டி மில் தொழிலாளிகள் தங்கள் சங்கக் கூட்டங்களில் இந்த ஐந்து கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, நெய்வேலித் தொழிற்சங்கங்களுக்கும் பரவனாற்றுக் கரை விவசாயத் தொழிலாளர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மழை பொய்த்தால் ஊருணிக்கும் குழாய்க்கும் அலைகிற ஜனங்கள் நாம். தண்ணீர் கெட்டவன் படும் பாடு நமக்குப் புரியும். மின்சாரமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டையும் நமது உழைப்பால்தான் பெறுகிறார்கள். இரண்டும் நமக்குச் சேர வேண்டும்.